பார்க்கக் கூடாத தடியங்காய்

எங்கள் வீட்டுத் தோட்டம் கத்திரி வெயிலில் எப்படி இருக்கும் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால்காரர் சொல்வார். சிலிண்டர் கொண்டுவருகிறவர் சொல்வார். என்னைக் கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது. வீட்டு வரி என் பெயரில் வருகிறது. தண்ணீர் வரியும் என் பெயரில்தான். செம்மண் சுமந்து கொட்டி முதுகு பிடித்துக்கொண்டது எனக்கு. ஆனால் அந்தத் தோட்டத்தைப் பார்க்கிற உரிமை, சுவருக்கு மேல் தலையை நீட்டுகிற ஆட்டுக்கு உண்டு, எனக்குக் கிடையாது.

காரணம், எனக்குக் கொள்ளிக்கண்ணாம். நான் ஒன்றைப் பார்த்து 'நல்லா இருக்கே' என்று சொல்லிவிட்டால் அது பட்டுப்போய்விடுமாம்.

இந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தது என் தொழில். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வண்டி கேட்டுக்குள் நுழைகிற சத்தத்தை வைத்தே அதற்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவேன். "வண்டியை வெளிய எடுக்காதீரும்வே, நாங்குநேரி தாண்டாது" என்பேன். டிரைவர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார். வண்டி நாங்குநேரிக்கு இந்தப் பக்கமே படுத்துவிடும். வேறு ஊராக இருந்தால் இப்படிப்பட்டவனைத் தொழில் தெரிந்தவன் என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் டெப்போவில், "அவன் வாய வச்சாம்லே, வண்டி படுத்துட்டு" என்றார்கள். கிளட்ச் தேய்ந்து கிடந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண் மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது. கடைசிக் காலத்தில் புது வண்டி வந்து மாலை போடுகிற நாளில் எனக்கு ஸ்டோர் ரூமில் ஏதாவது ஒரு வேலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மரியாதை அப்படி.

வீட்டுக்குள் இது பப்பாளி வழியாக வந்தது. பின்பக்கம் ஒரு பப்பாளி மரம், கழுத்தைச் சுற்றிக் காயாகத் தொங்கியது. ஒரு சாயங்காலம் அதன் கீழே நின்று பார்த்தேன். தண்டின் அடி ஊறிப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "எம்மாடி, எம்புட்டுக் காய்! இந்தத் தண்டு தாங்காதே" என்றேன். அன்றைக்கு அடித்த காற்றில் இடுப்போடு முறிந்து விழுந்தது. துணி துவைத்த தண்ணீரையெல்லாம் அதன் காலிலேயே கொட்டி அழுகவைத்தவள் என் மனைவி. ஆனால் கேஸ் என் மேல் பதிவானது.

"நீங்க அந்த வாயத் தொறக்காம இருந்திருந்தா அது பாட்டுக்கு நின்னுருக்கும்லா?"

"நான் தொறந்தது வாய். முறிஞ்சது தண்டு. ரெண்டுக்கும் நடுவுல என்னட்டி சம்பந்தம்?"

"ஒங்க கண்ணுதான் சம்பந்தம்."

அதற்கு அடுத்து மூத்த பேரன் விஷயம். கைக்குழந்தையாக இருந்தபோது, "கொழுக்கட்டை மாதிரி இருக்காம்லா" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காய்ச்சல். அந்த வாரம் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அத்தனை வீட்டுக்கும் நான் போய்க் கொழுக்கட்டை என்று சொல்லிவிட்டு வந்தேனா? யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பேரன் சாப்பிடும்போது நான் பார்க்கக் கூடாது. குளிக்கும்போது பார்க்கக் கூடாது. சிரிக்கும்போது பார்க்கவே கூடாது. அழும்போது மட்டும் தாராளமாகப் பார்க்கலாம்.

என் கண்ணுக்கு இவ்வளவு சக்தி இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? எங்கள் தெருமுனையில் ஒரு குழி இருக்கிறது. ஸ்கூட்டர் விழும், ஆட்டோ விழும். தினமும் அதன் பக்கத்தில் நின்று, "என்ன அழகான குழி, எவ்வளவு ஆழம்" என்று மனதாரச் சொல்லிப் பார்த்தேன். பட்டுப்போகவில்லை. செழித்து வளர்ந்து வருகிறது.

இந்த வருஷத்துக் கதை ஒரு தடியங்காயைப் பற்றியது. வெண்பூசணியை எங்கள் பக்கம் தடியங்காய் என்போம். கூட்டு வைக்கலாம், மோர்க்குழம்பு வைக்கலாம், கண்ணேறு கழிக்கச் சுற்றித் தெருவில் போட்டு உடைக்கலாம். என் மனைவி மாசியில் விதை ஊன்றி, கம்பு நட்டு, பழைய கேபிள் ஒயரைக் குறுக்கும் நெடுக்கும் கட்டிப் பந்தல் போட்டிருந்தாள். கொடி ஏறியது. பிஞ்சு விட்டதெல்லாம் மஞ்சளாகி விழுந்தது. அதற்கு முன்பே நான் பார்க்கத் தடை வந்துவிட்டது, அதனால் அந்தப் பாவம் என் கணக்கில் சேரக்கூடாது. ஆனால் சேர்ந்தது. நான் கக்கூஸுக்குப் போகும் வழியில் கடைக்கண்ணால் பார்த்திருப்பேனாம். கொல்லைக் கதவுக்கும் தோட்டத்துக்கும் நடுவே பச்சை வலை ஒன்று ஏறியது. ஜன்னலுக்குப் பழைய சேலை ஏறியது. சித்திரை முடிகிற நேரத்தில் ஒரே ஒரு பிஞ்சு மட்டும் நிலைத்தது.

மகள் ஓசூரில் இருக்கிறாள். அவளுக்கு இது இரண்டாவது பேறு. உதவிக்கு என் மனைவி போக வேண்டும். கிளம்புகிற அன்று பெட்டியைப் பூட்டிவிட்டு என்னை உட்காரவைத்துச் சட்டம் சொன்னாள்.

"ஆனிக் கடைசியில, ஆடி பொறக்க முந்தி, தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டு வந்துருவேன். வாசல்ல வச்சே அந்தத் தடியங்காயைச் சுத்தி ஒடைப்பேன். ஒடைச்ச பெறவுதான் நீங்க பிள்ளையைப் பாக்கணும்."

"உப்பு மொளகா சுத்துனா போதாதா?"

"அது சாதாரணக் கண்ணுக்கு."

"சரி, அந்தக் காய் வெம்பிட்டுன்னா? மார்க்கெட்ல ஒண்ணு வாங்கிக்கிடலாம்லா?"

"கடைக்காய் ஊருல உள்ள கண்ணெல்லாம் பட்டு வந்தது. அது ஒங்க கண்ணுக்கு எங்கன தாங்கும்? வீட்டுக்காய்தான். அதுவும் நீங்க பாக்காத காய்."

"அதுவும் இல்லைன்னா?"

"பிள்ளை எந்திச்சு நடக்கட்டும். பெறவு பாத்துக்கிடுங்க."

ஏன், படித்து வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதுவும் நல்ல யோசனைதான் என்றாள்.

எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பேரன் சிரித்த வயதில் ஒழுங்காக ஒரு நாள் பார்க்கவில்லை. இரண்டாவதையாவது பார்க்க வேண்டும். அந்த வாய்ப்பு இப்போது ஒரு கொடியில் தொங்கியது.

தோட்டத்துச் சாவி எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரிடம் போனது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "எங்களுக்கு இந்தக் கண்ணேறு, செய்வினையெல்லாம் நம்பிக்கை கிடையாது அண்ணாச்சி. கர்த்தர் ஒருத்தர்தான்" என்பார். சொல்லிக்கொண்டே, நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் ரோஜாத் தொட்டியை இழுத்துப் படிக்குப் பின்னால் வைத்துவிடுவார். கர்த்தர் மேல் நம்பிக்கை உண்டு, ரோஜா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் முன்ஜாக்கிரதை.

டீச்சர் சில நாள் ஒழுங்காகத் தண்ணீர் விட்டார். பிறகு அவருடைய சபையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கிவிட்டது. காலையிலேயே கிளம்பிப் போய் ஒரு கூட்டம் பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தொண்டை கட்டிப்போய் மத்தியானம் வருவார். குழாயில் தண்ணீர் வருவது காலையில் மட்டும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தாமிரபரணி வற்றாத நதி என்று நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நதி வற்றவில்லை, உண்மைதான். குழாய்தான் வற்றுகிறது. முதலில் காற்று வரும், பிறகு இருமல் வரும், பிறகு டீக்கடைக்காரர் டம்ளர் கழுவுகிற அளவுக்குத் தண்ணீர் வரும். போர்வெல் தண்ணீரோ உப்பு. செடிக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும்.

ஒரு நாள் மத்தியானம் டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுச் செடியெல்லாம் துவண்டு கிடக்கு. பாத்தீங்களா?"

"பாக்கக் கூடாதுல்லா டீச்சர். தெரியாதா ஒங்களுக்கு?"

"பிள்ளைகளை விட்டுட்டு என்னால வர முடியல. நீங்க பாக்காம ஊத்துங்களேன்."

"பாக்காம எப்பிடி டீச்சர் ஊத்த?"

"இந்தாங்க சாவி. முகத்தைத் திருப்பிக்கிட்டு ஊத்துங்க."

படித்தவர் சொல்கிறார். மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்ததும் செய்து பார்த்தேன். வலையை விலக்கி, தோட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஹோஸைத் தோளுக்கு மேல் பிடித்துத் தண்ணீர் விட்டேன். பாதி என் சட்டைக்குள் போனது. பாதி டீச்சர் வீட்டுச் சுவருக்குப் போனது. ஒரு செடிக்கும் போகவில்லை. அந்த வெயிலில் என் வேட்டி மட்டும் நன்றாகத் துளிர்த்திருக்கும். ஒரு கிழவன் தன் வீட்டுத் தோட்டத்தில், பட்டப்பகலில், சுவரைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகத் தண்ணீர் விடுகிறான். இதற்கு மேல் என்ன கேவலம் வரப்போகிறது என்று திரும்பிவிட்டேன்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

கத்திரி வெயிலில் கத்தரிச்செடிதான் முதலில் போயிருந்தது. நுனியெல்லாம் தலை கவிழ்ந்து கிடக்க, கிள்ளிப் பார்த்தால் தண்டுக்குள் புழு படுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெண்டைக்கு நரம்பெல்லாம் மஞ்சள். தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்து, ஒரு காய்கூட இல்லாமல், கல்யாண வீட்டில் பேச மட்டும் வந்த மாமன் மாதிரி நின்றது. சீனியவரை, அதாவது கொத்தவரை, மட்டும் வெயிலைப் பற்றிக் கவலைப்படாமல் காய்த்துத் தொங்கியது. ஆனால் அதை யாரும் பறிக்காததால் காயெல்லாம் நாராகிவிட்டது. கனகாம்பரம் கருகவில்லை, வளரவும் இல்லை. பிச்சி மட்டும் வெயிலைக் குடித்துவிட்டுப் பந்தல் முழுக்க மொட்டு வைத்திருந்தது. பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்த பூ தரையில் காய்ந்து கிடந்தது. இவ்வளவு அழிவும் நான் ஒரு தடவைகூடப் பார்க்காமல் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

தடியங்காய் பந்தலின் ஓரத்தில் தொங்கியது. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலெல்லாம் மயிர். கொடியின் இலைகள் மடித்த குடை மாதிரி தொங்கின. இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் இல்லாவிட்டால் காயும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்கு ஒரு வண்டியின் சத்தம் கேட்டால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது.

அன்றைக்கே தொடங்கினேன். நான் குளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், எல்லாம் கொடிக்குப் போனது. குழாயில் தண்ணீர் வரும் நாளில் காலையிலேயே வாளியோடு நின்றேன். காய்ந்த சருகையும் டீச்சர் வீட்டு வேப்ப இலையையும் அள்ளிக் கொடியின் காலடியில் மூடினேன். கத்தரியை நுனி கிள்ளினேன். வெண்டையைப் பிடுங்கிப் போட்டேன். என் மனைவி போனில் பார்த்துச் செய்துவைத்த மீன் கரைசல் ஒன்று இருந்தது. மீன் கழிவையும் வெல்லத்தையும் டப்பாவில் போட்டு ஊறவைத்தது. செடிக்கு ரொம்ப நல்லது என்று போனில் ஒருத்தர் சொன்னாராம். திறந்தேன். செடிக்கு என்ன ஆனதோ, தெருவில் உள்ள அத்தனை பூனையும் எங்கள் வீட்டுக்கு வந்து குடியேறியது. மூடி வைத்துவிட்டேன்.

பார்த்துத்தான் ஊற்றுகிறேன் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை."

"சொல்ல வேண்டாம் டீச்சர்."

"கேக்காட்டா நானாச் சொல்லவும் மாட்டேன்."

"அது போதும்."

ஆனால் என் மனைவி கேட்கிற ஜாதி. ஒரு நாள் டீச்சர் போனில் வீடியோவில் வந்துவிட்டாள், தடியங்காயைக் காட்டச் சொல்லி. டீச்சர் போனை நீட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் வருகிறார். நான் கையில் ஹோஸோடு நிற்கிறேன். ஓடமுடியவில்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் மடக் மடக் என்றன.

"நல்லா வந்திருக்கே டீச்சர்! ஒங்க கை ராசியான கை. ஏன் டீச்சர், தண்ணிச் சத்தம் கேக்குதே?"

"ஆமா தங்கச்சி, தண்ணி பாய்ஞ்சுகிட்டு இருக்கு."

"அவுக எங்க?"

"இங்கதான் எங்கேயாவது உட்கார்ந்திருப்பாங்க."

ஒரு வார்த்தை பொய் இல்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் கட்டி மேய்த்த டீச்சர்.

வைகாசியில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார்கள். ஆசையாகத் திறந்து பார்த்தேன். ஒரு கால். ஒரே ஒரு கால், அதுவும் உள்ளங்காலில் பெரிய மைப்பொட்டோடு. மகளுக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, என் பேத்தி காலு மட்டுந்தானா, மிச்சம் உண்டா?"

"அப்பா, அம்மை பக்கத்துலதான் நிக்கா. மொகத்தை அனுப்பக் கூடாதாம். நீங்க வேற எதுவும் சொல்லிப்புடாதிய, காலுக்கு ஏதாவது ஆயிரும்."

போனை வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தடியங்காய் அப்போது தேங்காய் அளவு இருந்தது. மயிர் உதிர்ந்து, மேலே வெள்ளையாகச் சாம்பல் பூக்கத் தொடங்கியிருந்தது. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும், நீட்டினால் அழுகிவிடும் என்பார்கள். ஆள்காட்டி விரலை நன்றாக நீட்டினேன். மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"நல்லா இருக்கலே" என்றேன். "எம்புட்டு அழகு! எம்புட்டுப் பெரிசு! ஒன்ன மாதிரி ஒரு காய் இந்தத் தெருவுல உண்டா? விழணும்னா இப்பமே விழுந்துரு."

விழவில்லை. போய்ச் சாப்பிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறக்கும்போது என் நெஞ்சு அடித்தது. நம்பாதவனுக்கு எதற்கு நெஞ்சு அடிக்கிறது? தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஊரெல்லாம் இத்தனை வருஷம் ஒன்றைச் சொன்னால் அது எங்கேயோ உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது. திறந்தேன். தொங்கிக்கொண்டிருந்தது. "உயிரோடதான் இருக்கியாலே" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் பார்த்தேன், தினமும் புகழ்ந்தேன். டெப்போவில் எனக்கு மேலே இருந்த அதிகாரிகளை இப்படிப் புகழ்ந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். காய் பெருத்தது. கத்தரி பக்கக் கிளை விட்டுப் பூத்தது. பிச்சியைப் பறித்து டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் பூ வைப்பதில்லை, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேஜையில் வைத்துக்கொண்டார். ரோஜாத் தொட்டி படிக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னால் வந்தது.

ஆனி பிறந்ததும் காற்று தொடங்கிவிட்டது. மலையில் சாரல் விழும், குற்றாலத்துக்கு வண்டி வண்டியாகப் போவார்கள், குளிர்கிறது என்று வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அந்தச் சாரலில் ஒரு சொட்டுக் கிடையாது. காற்று மட்டும் வரும். மேற்கேயிருந்து பேய் மாதிரி வந்து வாழை இலையைக் கிழித்துப் போடும். பந்தல் ஊஞ்சல் ஆடியது. இப்போது நல்ல கனமாகிவிட்ட காய், அந்தச் சுண்டுவிரல் தண்டில் தொங்கிக்கொண்டு கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடியது. பப்பாளி ஞாபகம் வந்தது. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. டயர்க்கடைக்குப் போய் ஒரு பழைய லாரி டியூப் வாங்கிவந்தேன். பட்டையாக வெட்டி, காயைத் தொட்டில் மாதிரி தாங்கிப் பந்தல் கம்பில் கட்டினேன். காற்றடித்தால் ரப்பர் கொடுக்கும், தண்டு கொடுக்க வேண்டாம். வண்டிக்கு ஸ்பிரிங் எதற்கு வைத்திருக்கிறான், அதே விஷயம்தான்.

ஆனிக் கடைசியில் ஒரு காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். பேரன் பள்ளிக்கூடம் என்று அப்பாவோடு ஓசூரிலேயே நின்றுவிட்டான். ஆட்டோ வாசலில் நின்றது. நான் வாசலுக்குப் போகக் கூடாது. உள்ளே நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்காரவேண்டும் என்று போனிலேயே உத்தரவு வந்திருந்தது. உட்கார்ந்திருந்தேன். பிள்ளையின் சிணுங்கல் கேட்டது. என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பின்னால் டீச்சர் போனார்.

அப்போதுதான் எனக்கு டியூப் ஞாபகம் வந்தது.

"இங்கன கொஞ்சம் வாரியளா?"

போனேன். என் மனைவி பந்தலுக்குக் கீழே நின்றாள். கறுப்பு ரப்பர்த் தொட்டிலில் தடியங்காய் ராஜா மாதிரி படுத்திருந்தது. அதன் வெள்ளைச் சாம்பலில் ஐந்து விரலும் ஒரு உள்ளங்கையும் அச்சாகப் பதிந்திருந்தன. போலீஸ்காரனுக்குக்கூட இவ்வளவு நல்ல சாட்சி கிடைக்காது.

"இது என்னது?"

"டியூப்."

"யாரு கட்டுனா?"

டீச்சர் வானத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஜெபம் என்று நினைக்கிறேன்.

"டீச்சர்கிட்ட கேக்காத. அவுகளுக்கு டியூப்ல முடிச்சுப் போடத் தெரியாது. நாந்தான்."

"கண்ண மூடிக்கிட்டுக் கட்டுனியளா?"

"நல்லாத் தொறந்துக்கிட்டு. நீ போன மறு வாரத்துலயிருந்து தினமும் பாக்கேன். தண்ணி ஊத்துனது நான். வெரல நீட்டிக் காட்டுனேன். நல்லா இருக்கே, பெரிசா இருக்கேன்னு சொன்னேன். இப்பம் என்ன செய்யப்போற?"

வாசலிலிருந்து மகள் கத்தினாள். "எம்மா, பிள்ளைக்கு வெயில் அடிக்கி! ஒடைக்கப் போறியளா, நாங்க இப்பிடியே ஓசூருக்குத் திரும்பிப் போகவா?"

என் மனைவி காயை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். குனிந்து அடியைப் பார்த்தாள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள், நான் இஞ்சினைத் தட்டுவது மாதிரி. டியூப்பை இழுத்துப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் காயைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டால் அவ்வளவுதான்.

"டீச்சர்" என்றாள், என்னை விட்டுவிட்டு. "இவுக இம்புட்டு நாளும் பாத்திருக்காக."

"ஆமா தங்கச்சி. நான் பொய் சொல்லமாட்டேன்."

"வாய வேற வச்சிருக்காக."

"அதுவும் எனக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு."

"அப்பிடியும் இது விழல. வெம்பல. சொத்தை விழல." அவள் குரல் மாறியது. "இவுக கண்ணையே தாங்கிட்டு நின்னுருக்குன்னா, இதுக்கு எம்புட்டுச் சக்தி இருக்கணும்!"

"அப்பம் எனக்குக் கொள்ளிக்கண் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"இல்லைன்னு யாரு சொன்னா? காய்க்குச் சக்தின்னு சொல்லுதேன்."

வாதம் செய்ய வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அறிவாளியாக இருந்து என்ன சம்பாதித்தேன், ஸ்டோர் ரூமைத் தவிர? அவள் தண்டை வெட்டினாள். டியூப்பை அவிழ்த்து ஓரமாக, பத்திரமாக, அடுத்த வருஷத்துக்கு என்று வைத்தாள். காயில் ஒரு துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, வாசலில் தாயையும் பிள்ளையையும் சுற்றினாள். பிறகு, யாரும் சொல்லாமல், என் பக்கம் வந்து என்னையும் மூன்று சுற்றுச் சுற்றினாள். என் தலையைச் சுற்றும்போது கொஞ்சம் மெதுவாகவே சுற்றினாள், வேலை அதிகம் போலிருக்கிறது. தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு உடைத்தாள். சரியாக அந்தக் குழிக்குப் பக்கத்தில். இரண்டு மாசம் நான் குளித்த தண்ணீரில் வளர்ந்தது, என் கண்ணை எடுப்பதற்காகச் சிதறிக் கிடந்தது. ஒரு மோர்க்குழம்புக்குக்கூட ஆகவில்லை.

திரும்பி வந்து கைகால் கழுவினாள். மகளிடமிருந்து துணியோடு பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்தாள்.

"இப்பம் பாருங்க."

பார்த்தேன். காலைத் தவிர மிச்சமும் இருந்தது. தலை நிறைய முடி. மூடிய கண். உதட்டைச் சுழித்துச் சுழித்து எதையோ தேடியது. என் வாய் தானாகத் திறந்தது. மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஒண்ணும் சொல்லாதிய!"

கர்த்தரை மட்டும் நம்புகிற டீச்சர் குரல்தான் அதில் பெரிசாகக் கேட்டது.

"மூக்கு அப்பிடியே ஒன் தம்பி மூக்கு" என்றேன் என் மனைவியிடம். "தெரு வாசல்ல மூக்கு வரும், ஆளு பெறவு வருவான். இந்தப் பிள்ளைக்கு அந்தக் கதியா?"

அவள் முகம் சிவந்தது. ஆனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பழித்தால் கண் படாது. அது அவள் போட்ட சட்டம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள்.

பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை.

"போதும், ரொம்பப் பாக்காதிய" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

வண்டிச் சத்தத்துக்கு மட்டும்தான் எனக்குக் காது கூர்மை, மற்றதற்கெல்லாம் கொஞ்சம் மந்தம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.